எட்டு டீச்சர்

மருதவயல் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் சோலையம்மாளை முழுப் பெயர் சொல்லி அழைப்பவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். ஊருக்கெல்லாம் அவர் எட்டு டீச்சர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை இரண்டு எவர்சில்வர் தூக்குவாளிகள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்த வாளிகளுக்காக அவர் ஏறி இறங்காத பாத்திரக் கடை காரைக்குடியில் இல்லை. ஒரு வாளி எப்படியிருந்தாலும் சரி. மற்றது அதைவிட உயரத்திலும் இரண்டு மடங்கு, வாயகலத்திலும் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் ஒவ்வொரு வாளியாக அளந்ததைப் பார்த்து, ஒரு கடைக்காரர் எடையளவுத் துறையிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று பயந்து கலர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் கலரைக் குடித்துவிட்டு அளப்பதைத் தொடர்ந்தார். ஐந்தாவது கடையில் ஜோடி சேர்ந்தது.

இருபத்தாறு வருஷமாக, வடிவொத்தவை பாடம் வரும்போதெல்லாம் அந்த வாளிகள் வகுப்புக்கு வரும். "பெரிய வாளி நிறைய, சின்ன வாளியால எத்தனை தடவை ஊத்தணும்?" என்று டீச்சர் கேட்பார். வகுப்பே "ரெண்டு!" என்று கத்தும். கொஞ்சம் விவரமான பிள்ளை யாராவது "நாலு" என்று இழுக்கும். டீச்சர் பதில் சொல்ல மாட்டார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வார். வகுப்பு எண்ணும். நான்கில் சிலர் சந்தேகப்படுவார்கள், ஆறில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், எட்டில் தண்ணீர் விளிம்பு தட்டும். அப்போது டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார் பாருங்கள், அந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் மீதி வருஷம் முழுக்க வேலை பார்க்கிறாரோ என்று தோன்றும்.

"நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு, உசரத்துல ரெண்டு. பெருக்கு. கூட்டாதே, பெருக்கு!" இது ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம். மற்ற பாதி பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

பாடம் வகுப்போடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸில் போகும்போது கல்யாண ஃபிளெக்ஸில் மாப்பிள்ளை முகத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்து அகலமாக்கி வைத்திருந்தால், "விகிதம் கெட்டுப்போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாராவது அதே பஸ்ஸில் இருந்தால் அவர் புருஷன் லட்சுமணன் பாடு திண்டாட்டம். நாச்சியாபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் லட்சுமணன் சாதுவான மனுஷன். கேலி மட்டும் உண்டு. "என் தங்கச்சி ரெட்டப் பிள்ளை பெத்தப்ப, இவ தொட்டில்ல எட்டிப் பாத்துட்டு, வடிவொத்ததா சர்வசமமான்னு கேட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். டீச்சரும் முறைத்துவிட்டுச் சிரிப்பார். பிள்ளையில்லாத வீடு; இருவருக்குள்ளும் பேச்சுக்குக் குறைவிருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லட்சுமணனுக்கு முதுகில் தட்டு நழுவியது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீரெல்லாம் டீச்சர் இடுப்பில்தான் வருகிறது.

இந்த வருஷம் ஆவணியில்தான் வினை வந்தது.

மருதவயல் அய்யனாருக்குப் புரவி எடுப்பு. பிடிமண் எடுத்து வேளார் கையில் கொடுத்து, அவர் சுட்டுக் கொடுக்கும் மண்குதிரையை ஊர் ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் நிறுத்த வேண்டும். எப்போதும் ஐந்தடிக் குதிரைதான். எட்டுப் பேர் தூக்குவார்கள். போன வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் போனதால், இந்தத் தடவை பத்தடிக் குதிரை என்று ஊர் வேண்டிக்கொண்டது. இரண்டு மடங்கு உயரம், ஆகவே பதினாறு ஆள் என்று ஊர்த் தலைவரான அம்பலம் வீரையா கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் மகள் கீர்த்தி பத்தாம் வகுப்பு. அவள் வகுப்பில் வந்து இதைச் சொல்ல, டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கூட்டம். பெண்கள் வழக்கமாகக் கோவில் சுவரோரம் நின்று கேட்பார்கள், பேச மாட்டார்கள். டீச்சர் நேராகக் கூட்டத்தின் நடுவே போனார். லட்சுமணன் வேப்பமரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அண்ணே, பதினாறு பேரு பத்தாது. குதிரை உசரம் மட்டுமா ரெண்டு மடங்கு? அகலம், நீளம் எல்லாம்தானே? எடை எட்டு மடங்கு ஆகும். எட்டுப் பேரு தூக்குனதுக்கு அறுபத்துநாலு பேரு வேணும்."

கூட்டம் சிரித்தது. "அறுபத்துநாலு பேரு அடியில போனா குதிரையே தெரியாது டீச்சர், திருவிழாக் கூட்டம்தான் தெரியும்" என்றார் ஒருவர். வீரையா சிரிக்கவில்லை. தெற்கே ஒரு ஊரில் மூன்று வருஷத்துக்கு முன்னால் பாரம் தாங்காமல் குதிரை சாய்ந்து, ஒருவருக்குக் கால் போனது அவருக்குத் தெரியும்.

"நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீகளா?"

"கணக்குத் தப்பாது அண்ணே" என்றார் டீச்சர்.

அவர் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது. வம்பே அதில்தான். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்து, தோள் கொடுக்கக்கூடிய ஆண்கள் மருதவயலில் ஐம்பது பேர். அந்த ஐம்பதில் லட்சுமணன் இல்லை; அவர் பெயரை டீச்சரே அடித்துவிட்டார். மீதிப் பதினாலு தோளுக்குக் கண்மாய்க்கு அக்கரையில் இருக்கிற ஊரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஓடி வருவார்கள். வந்து ஒரு தடவை தோள் வைத்துவிட்டால், தூக்கிய தோளுக்குத் துண்டு கட்டி மரியாதை செய்ய வேண்டும்; அப்புறம் ஒவ்வொரு புரவி எடுப்புக்கும் தாம்பாளத்தோடு போய் அழைக்க வேண்டும். வீரையாவின் பாட்டனார் காலத்தில் கயிறு பிடிக்க நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டு, அந்தப் பாத்தியதையை நீக்கப் பதினோரு வருஷமும் ஒரு கோர்ட்டு வழக்கும் ஆனது. இருந்தும் ஆள் விழுந்து கால் போவதைவிட மரியாதை போவது மேல் என்று வீரையா முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை காலை தாம்பாளம் புறப்படும். ஊர் முகம் தொங்கிப்போனது. கடைத்தெருவில் டீச்சரைப் பார்த்தவர்கள் "வாங்க டீச்சர்" என்று சொன்னார்கள், ஆனால் நின்று பேசவில்லை.

புதன்கிழமை வகுப்பில் வாளிப் பாடம். எட்டாவது தடவை ஊற்றித் தண்ணீர் விளிம்பு தட்டி, டீச்சர் இடுப்பில் கை வைத்த அந்த நிமிஷத்தில் கீர்த்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், வாளிக்குள்ள தண்ணி இருந்துச்சு. குதிரைக்குள்ள என்ன இருக்கு?"

டீச்சர் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. ஆறாவது பாடவேளை மணி அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை. "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வகுப்பு அதுவரை கேட்டிராத பதில் அது.

பள்ளி விட்டதும் வேளார் தெருவுக்குப் போனார். புரவி செய்கிற சேவுகப்பெருமாள் அவரிடம் முதல் வருஷம் படித்தவன். கணக்கில் இருபத்தொரு மார்க் வாங்கிப் பெயிலானவன். இன்றைக்குக் காரைக்குடிப் பக்கம் இருக்கிற ஓட்டல்களெல்லாம் தோட்டத்தில் வைக்கக் குதிரை கேட்டு அவனுக்குப் போன் அடிக்கின்றன. வேலை நெருக்கடியில் சோறு தின்ன நேரமில்லாமல் திரிகிறவன், டீச்சரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்க டீச்சர். என்ன, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

"பெரிய குதிரை வயித்துக்குள்ள என்னப்பா இருக்கு?"

"காத்துத்தான் இருக்கு. வேற என்ன இருக்கும்?"

சுடுவதற்காக விட்டிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னான். ஐந்தடிக் குதிரைக்கு மண்ணின் கனம் ஒரு விரல் என்றான். பத்தடிக்கு ஒன்றரை விரல்.

"ரெண்டு மடங்கு குதிரைக்கு ரெண்டு விரல் வேண்டாமா?" என்றார் டீச்சர்.

"ரெண்டு விரல் வச்சா உள்ள ஈரம் நிக்கும் டீச்சர். சூளையில வெடிச்சுப்போகும். ஒண்ணரைக்கு மேல நான் வைக்கிறதில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏன், தப்பா?" என்று கேட்டான். இருபத்தொரு மார்க் வாங்கிய பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை.

டீச்சர் அங்கேயே கிடந்த ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார். கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் எழுதினார். வெளிப்பரப்பு நான்கு மடங்கு. கனம் ஒன்றரை மடங்கு. பெருக்கினால் ஆறு. வெளியே பார்த்தால் இரண்டு குதிரையும் ஒரே அச்சு. உள்ளே வேறு வேறு. வடிவொத்தவை என்று எந்த வாயால் சொன்னார்? வயிற்றைப் பார்க்காமல் சொன்னார். இருபத்தாறு வருஷமாக வாளியில் தண்ணீரைத்தான் எண்ணினாரே தவிர, வெறும் வாளியை ஒரு நாளாவது எடை போட்டுப் பார்த்தாரா? உலகத்தில் உள்ள சாமானெல்லாம் வாய்வரை நிறைந்தே இருக்கும் என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது, பாவம்.

வியாழக்கிழமை பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. உரக்கடையிலிருந்து எடை மெஷினை டி.வி.எஸ்ஸில் கட்டிக்கொண்டு லட்சுமணன் முன்னால் போக, டீச்சர் பின்னால் உட்கார்ந்து மெஷினைப் பிடித்துக்கொண்டார். ஓட்டலுக்காகச் செய்து வைத்திருந்த ஓரடிக் குதிரையும் ஈரடிக் குதிரையும் வேளார் வீட்டில் இருந்தன. சின்னதற்கு அரை விரல் கனம், பெரியதற்கு முக்கால் விரல். அங்கேயும் அதே ஒன்றரை மடங்குதான். சேவுகப்பெருமாள் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தான். நாலு கிலோ. இருபத்து மூன்றரைக் கிலோ. ஆறு மடங்குக்கு அரைக்கிலோதான் குறைவு.

"அப்ப நாப்பத்தெட்டுப் பேரு போதும்" என்றார் டீச்சர்.

திரும்பி வரும் வழியில் லட்சுமணன் வண்டியைக் கண்மாய்க் கரையில் நிறுத்தினார். "சோலை, நான் ஒண்ணு கேக்கவா? ஆளு கூட இருந்தா குதிரைக்கு வலிக்கவா போகுது? நீ பேசாம இருந்தா அறுபத்துநாலு பேரு தூக்குவாக, நல்லபடியாப் போய்ச் சேரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியும்ல?"

"எட்டு டீச்சர்னு கூப்பிடுற ஊரு. அங்க போய் எட்டு இல்ல ஆறுன்னு எப்படிச் சொல்லுவ?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "அவுக பரம்பரையாக் காப்பாத்துன மரியாதைய என் வாய்க்கொழுப்பால பறிகொடுக்கப் போறாக. சொல்லித்தான் ஆகணும். என்ன, இனிமே கணக்குன்னு நான் வாயத் தொறந்தா சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போகட்டும்."

லட்சுமணன் வண்டியைக் கிளப்பி மெதுவாக ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை வீரையா வீட்டு வாசலில் தாம்பாளம் தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், மடித்த துண்டுகள். பத்துப் பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். டீச்சர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். இந்தத் தடவை லட்சுமணன் மரம் எதையும் தேடவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு. குதிரை வயிறு காலின்னு யோசிக்காமச் சொல்லிட்டேன். எட்டு மடங்கு இல்ல, ஆறு மடங்குதான். நாப்பத்தெட்டுப் பேரு போதும். அம்புட்டு ஆளு நம்ம ஊருலயே இருக்கு. அக்கரைக்குப் போக வேண்டாம்."

ஒருவர் சிரித்தார். "முதல்ல அறுபத்துநாலு. இப்ப நாப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா டீச்சர் பதினாறுக்கே வந்துருவாக போல."

வீரையா கையமர்த்தினார். "அன்னைக்குக் கணக்குத் தப்பாதுன்னு சொன்னீகளே."

"சொன்னேன். அந்தத் திமிரும் தப்புதான்." எடை போட்டதையும் மண்ணின் கனத்தையும் டீச்சர் விவரமாகச் சொன்னார். வாசற்படியில் நின்ற கீர்த்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் கேள்வியால் டீச்சர் இப்படி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. டீச்சர் அவளைப் பார்த்து, "இந்தப் பிள்ளைதான் அண்ணே கேட்டுச்சு, உள்ள என்ன இருக்குன்னு. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி" என்றார்.

வீரையா மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "நாப்பத்தெட்டுல ஒரு ஆளு குறைஞ்சா?"

"குறையக் கூடாது" என்றார் டீச்சர்.

தாம்பாளத்தை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார் வீரையா.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை புரவி எடுப்பு. நான்கு நீள மரங்களைக் கட்டி, அவற்றின்மேல் வைக்கோற்பிரியால் இறுக்கிய பத்தடிக் குதிரை, வெள்ளையும் சிவப்புமாக மாலையோடு நின்றது. கண் திறந்தாகிவிட்டது. மரத்துக்குப் பன்னிரண்டு பேர். அக்கரைக்காரர்கள் தாங்களாகவே வேடிக்கை பார்க்க வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். கூப்பிட்டால் போதும், பாய்ந்துவிடுவார்கள்.

வீரையா ஆளை எண்ணினார். திருப்பூரிலிருந்து வரவேண்டிய அண்ணன் தம்பி இருவரின் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. முத்துராமனுக்கு அன்று காலை மாமனார் இறந்துபோனார். தீட்டு, தொடக் கூடாது. ஐம்பதில் மூன்று போனால் நாற்பத்தேழு. நாலாவது மரத்தின் பின்கோடியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

கொட்டுச் சத்தம் நின்றது. அக்கரையிலிருந்து ஒருவர், "என்ன அம்பலகாரரே, ஒரு தோள் குறையுது போல? நாங்க இருக்கோம்ல" என்றார். வீரையா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ஆள் குறைந்தால் என்ன, மற்றவர்களுக்கு அரைக்கிலோ, முக்கால் கிலோ கூடும், அவ்வளவுதான் என்று டீச்சருக்குத் தெரியும். வாய் வரவில்லை. போன தடவை நிச்சயமாகச் சொன்னது போதாதா? கணக்கு டீச்சருக்கு முதல் முறையாக ஒரு சின்னக் கழித்தலைச் சொல்லத் தைரியம் இல்லை.

அப்போது பின்கோடியில் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை மடித்துத் தோளில் போடுவது தெரிந்தது. டீச்சருக்கு அந்த முதுகைத் தெரியும். அதற்குத் தினமும் தைலம் தேய்க்கிற கை அவருடையது.

"என்னங்க! இடுப்ப வச்சுக்கிட்டு எங்க போறீக? டாக்டர் என்ன சொன்னாரு?"

லட்சுமணன் திரும்பிப் பார்க்கவில்லை. "நாப்பத்தெட்டுன்னு நீ சொல்லியிருக்க" என்றார். "குறையக் கூடாதுன்னும் சொல்லியிருக்க."

கொட்டு விழுந்தது. நாற்பத்தெட்டுத் தோளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. குதிரை ஒரு தடவை ஆடியது, பிறகு நேரானது. கூட்டம் குலவையிட்டது. டீச்சர் குலவையிடவில்லை; பின்கோடியில் இருந்த அந்த ஒரு தோளைப் பார்த்தபடி, கூட்டத்தை இடித்துக்கொண்டு, கோவில் வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டரும் கூடவே நடந்தார்.

குதிரை அய்யனார் முன்னால் அசையாமல் இறங்கியது. தூக்கியவர்களுக்கெல்லாம் வீரையா தன் கையால் துண்டு கட்டினார். லட்சுமணன் துண்டோடு வந்து, குதிரையைத் தூக்கி வந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. டீச்சர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

லட்சுமணன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி அவர் காதோரம் கேட்டார்:

"ஏம்மா சோலை... நல்லாப் பாத்தியா? ஆறு மடங்குதானா? எனக்கென்னமோ எட்டு மடங்கு மாதிரித்தான் இருந்துச்சு."